லோரிக்கு ஒரு மிதிபலகை



இருள் பிரியுமுன் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்கும் லோரியை நாம் எல்லாரும் அறிவோம். பின்கதவைத் தடாலென்று இறக்குவார்கள். இளவட்டங்கள் சக்கரத்தில் ஒரு காலை வைத்துத் தாவி ஏறிவிடுவார்கள். பிறகு மேலே நிற்பவர் கை கொடுக்க, பெண்கள் ஒவ்வொருவராக ஏறுவார்கள். ஏறும்போதாவது கை கொடுக்க ஆள் உண்டு. மாலையில் இறங்கும்போது அதுவும் கிடையாது, குதித்துவிட வேண்டியதுதான். இத்தனை ஆண்டுகளாக இதை ஒரு சங்கதியாகவே நாம் கருதியதில்லை.

நம் பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்த பையன் ஒருவன், பிற்பாடு சிங்கப்பூருக்குப் போய் ஒரு புல்வெட்டும் குத்தகையாளரிடம் வேலைக்குச் சேர்ந்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுது. தோளில் புல்வெட்டும் இயந்திரத்தை மாட்டிக்கொண்டு லோரியின் பின்தட்டிலிருந்து குதித்தான். ஒரு கால் சாலையிலும், மற்றொரு கால் நடைபாதையின் கல்விளிம்பிலும் விழுந்தது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவனுடைய தாயார் நம்மிடம் வந்து, “என்னாங்க சார், இடுப்பு உயரந்தானே? அதிலேருந்து குதிச்சா எலும்பு முறியுமா? கம்பெனிக்காரங்க இவன்தான் விளையாட்டுத்தனமா குதிச்சான்னு சொல்றாங்களே” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது நம்மால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்று அதைத்தான் கொஞ்சம் பார்க்கப் போகிறோம்.

இடுப்பு உயரம் என்பது ஏறக்குறைய 1 மீட்டர். அங்கிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் வந்துவிடுகிறது. சைக்கிள் நன்றாக ஓடும் வேகம் இது. அந்த வேகத்தை யார் நிறுத்துவது? நம் கால்கள்தாம் நிறுத்த வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் முழங்காலை நன்றாக மடக்கி, உடம்பை 40 சென்டிமீட்டர் தாழ்த்திக்கொண்டே நின்றால், கால்களில் விழும் சுமை சராசரியாக 210 கிலோ. அதே ஆள் காலை விறைப்பாக வைத்து, 10 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 660 கிலோ. தோளில் 10 கிலோ இயந்திரம் இருந்தால் 770 கிலோ. அதுவும் இரண்டு காலும் சமமாகத் தரையில் ஊன்றினால்தான் இந்தக் கணக்கு. ஒரு கால் மட்டும் கல்விளிம்பில் சாய்வாக விழுந்தால், அத்தனை சுமையும் ஒரே கணுக்காலில், அதுவும் பக்கவாட்டில் இறங்குகிறது. எலும்பு முறியாமல் என்ன செய்யும்?

சுமையோடு வேலை முடிந்து களைத்து இறங்குகிறவர் முழங்காலை மடக்கிக் குதிக்க மாட்டார். ஒரு நாளைக்கு நான்கு தடவை என்று வைத்தாலும், ஆண்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் குதிக்கிறார். அதில் ஒரு தடவை கல்விளிம்பு வந்து சேர்ந்தால் அதை விளையாட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியுமா? அந்த வண்டியில் ஒரு படி இல்லை. அதுதான் விஷயம்.

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்றிருந்தோம். பையனைப் பார்ப்பது ஒன்று. நம்முடைய இன்னொரு பழைய மாணவர் காக்கி புக்கிட் வட்டாரத்தில் உள்ள ஒரு வண்டிப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறார், அவரைப் பார்ப்பது மற்றொன்று. தேக்காச் சந்தைக்கு எதிரில் காத்திருக்கச் சொன்னார். சனிக்கிழமை மாலை. சிராங்கூன் சாலை முழுவதும் மல்லிகையும் சாம்பிராணியும் மணத்தது. வேலை உடுப்போடு நம் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நின்றது. “சார், முதல்ல கொஞ்சம் போல்ட்டு வாங்கணும், வாங்க” என்று ஜாலான் புசார் பக்கம் அழைத்துப் போனார். பத்து நிமிட நடைதான். இரும்புச் சாமான் கடைகளுக்குப் பெயர்போன பகுதி அது. இப்போது அவற்றில் சில காப்பிக் கடைகளாக மாறிவிட்டன. டிர்விட் சாலையில் ஓர் இரும்புக் கடையின் கட்டடத்தில் 2012ஆம் ஆண்டு திறந்த காப்பிக் கடை, பழைய கடையின் பாணியிலேயே பெயரையும் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் மாணவருக்கு இதில் வருத்தம். “காப்பி எங்கேயும் குடிக்கலாம் சார், போல்ட்டு எங்கேயும் கிடைக்காது” என்றார்.

வண்டியைக் கம்பெனி எப்படிச் செய்து அனுப்புகிறதோ அப்படியே ஓட்டுவது என்பது இந்த ஊரில் என்றுமே இருந்ததில்லை. 1920களில் சிங்கப்பூர்ச் சாலைகளில் ‘கொசு பஸ்’ என்ற ஒன்று ஓடியது. ஃபோர்டு கார்களின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரக்கூடு கட்டி, 7 பேர் உட்காரும்படி செய்த சிறு வண்டி. அக்காலத்துக் கார்களுக்கு இரு பக்கமும் நீளமான மிதிபலகை உண்டு. கார்கள் தாழ்வாகிவிட்ட பிறகு அந்தப் பலகைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. லோரிகளோ உயரமாகவே இருந்தன. ஆனாலும் சரக்குத்தட்டுக்குப் படி வைக்க எவரும் நினைக்கவில்லை. சரக்கு தானாக ஏறி இறங்குவதில்லை அல்லவா?

இனி, பட்டறையில் பார்த்ததைச் சொல்கிறோம்.

ஒரு குத்தகையாளரின் லோரி வந்து நின்றது. ஓட்டுநர் அறைக்குப் பக்கவாட்டில் ஒரு மிதிபலகையும், பின்புறம் தொழிலாளர் ஏறுவதற்கு இரண்டு படிகளும் வைக்க வேண்டும். நம் மாணவர் முதலில் எடுத்தது இரும்பும் அல்ல, துளைபோடும் இயந்திரமும் அல்ல, அளவு நாடா. தரையிலிருந்து பின்தட்டு சரியாக 1 மீட்டர். முதல் படி 40 சென்டிமீட்டரில், அடுத்தது 70இல், அதற்கடுத்துத் தட்டு. முதல் படியை இன்னும் தாழ்த்தினால் வயதானவர்களுக்கு நல்லதுதானே என்று கேட்டோம். தாழ்த்தினால் மேட்டில் ஏறி இறங்கும்போது படி தரையில் இடித்து வளைந்துவிடுமாம். சிலர் படியைச் சங்கிலியில் தொங்கவிடுகிறார்கள். அது மலிவு, இடித்தாலும் வளையாது. ஆனால் காலை வைத்தவுடன் வண்டிக்கு அடியில் உள்ளே போய்விடுகிறது, ஆள் மல்லாந்து விழுகிறார். கீல் வைத்து மடக்கி நிறுத்தும் படியே மேல் என்பது அவர் அனுபவம்.

இரண்டாவது, எதைக் கொண்டு செய்வது என்ற கேள்வி. ஒன்றரை மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் இரும்புப் பலகை ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். அதே அளவில் அலுமினியம் இரண்டரைக் கிலோதான். துருவும் பிடிக்காது. அப்படியானால் அலுமினியமே போடலாமே என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் உண்டு. அலுமினியமும் இரும்பும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு கலந்த ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சின்ன மின்கலமே உண்டாகி அலுமினியம் மெல்ல அரிக்கப்படும். சிங்கப்பூரோ கடல் சூழ்ந்த தீவு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆகவே இரண்டுக்கும் நடுவே ரப்பர் அல்லது நைலான் வளையம் வைத்து, தொடாதபடி செய்கிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும் பலகை, போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொடியாக உதிர்வதை அவர் நமக்குக் காட்டினார்.

மேற்பரப்பும் முக்கியம். வழவழப்பான தகட்டில் சேறு பட்டால் அது எண்ணெய் தடவிய தட்டுதான். மேடு வைத்த தகடு பரவாயில்லை. ஆனால் கட்டுமான இடங்களிலிருந்து வரும் பூட்ஸ்களில் ஒட்டிய களிமண் அந்த மேடுகளுக்கு நடுவே நிரம்பிவிட்டால் அதுவும் வழவழப்பாகிவிடுகிறது. அப்போது அவர் ஓர் அலுமினியத் துண்டை எடுத்துக் காட்டினார். பெரிய பெரிய துளைகள். துளையின் விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து, துருவல் தகடு போல இருந்தன. “சார், இந்த மாதிரித் தகடு பனியில ஓடுற வண்டிக்குப் போடுறது. ஒரு புத்தகத்தில படம் பார்த்தேன்” என்றார்.

பனியில் ஓடும் வண்டியா என்று நீங்கள் சிரிக்கலாம். கனடா போன்ற குளிர் நாடுகளில் அப்படி ஒன்று உண்டு. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் ரப்பர்ப் பட்டை. மோட்டார் சைக்கிளில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, இரு பக்கமும் உள்ள பலகைகளில் கால் வைத்துக்கொள்ள வேண்டும். கியூபெக் மாநிலத்து ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்பவர் பனியில் ஓடும் வண்டிகளை 1930களிலேயே செய்தார். அவருடைய கம்பெனி ஒருவர் இருவர் ஓட்டும் சிறிய வண்டியை 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வண்டிக்காரர்களுக்கும் நம் லோரிக்காரர்களின் தொல்லையேதான். பூட்ஸில் வந்த பனி பலகையில் மிதிபட்டு இறுகிப் பாறையாகிறது, கால் வழுக்குகிறது. ஆகவே பழைய பலகையின் தறையாணிகளைத் துளைத்தெடுத்துவிட்டு, பெரிய துளைகள் கொண்ட புதிய பலகையை வைத்துத் தறைகிறார்கள். காலால் மிதிக்க மிதிக்கப் பனி துளை வழியாகக் கீழே விழுந்துவிடுகிறது. பனிக்குச் செய்தது களிமண்ணுக்கும் உதவுகிறது, அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அந்தப் பற்கள் பாதுகாப்புப் பூட்ஸ் போட்ட காலுக்குத்தான் சரி. செருப்புக் காலோடு ஏறும் நம் தோட்டத்துப் பெண்களுக்கு அதைப் போட்டால் முழந்தாள் தோல் உரிந்துவிடும். துளை இருக்கட்டும், பல் வேண்டாம் என்பது நம் கருத்து.

மூன்றாவதாகப் பலகையை எங்கே பொருத்துவது. இதில்தான் ஆள் தெரியும் என்கிறார் நம் மாணவர். லோரியின் அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. வண்டியின் முதுகெலும்பு அதுதான். வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு, நடுவில் செங்குத்தான சுவர். துளை போடுவதானால் அந்த நடுச்சுவரில்தான் போடலாம். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடவே கூடாது. ஏன்?

பால் வாளி சுமந்த காண்டாக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் கம்பு, இரு முனையிலும் வாளி. கம்பு வளைகிறது. அப்போது கம்பின் மேற்புறம் இழுபடுகிறது, அடிப்புறம் நசுங்குகிறது, நடுவயிற்றில் இரண்டும் அதிகமில்லை. மேற்புறத்தில் கத்தியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டுச் சுமந்தால், சரியாக அந்த வெட்டிலேயே கம்பு முறியும். நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. லோரியின் சட்டமும் பெரிய காண்டாக் கம்புதான். புதுத் துளையே போடாமல், வண்டிக் கம்பெனி ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் தாங்கியை மாட்ட முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. சட்டத்தில் நேராகப் பற்றவைப்பதும் கூடாது. சூட்டில் அந்த இடத்து இரும்பின் குணம் மாறி, பின்னாளில் அங்கேயே விரிசல் காணும். பற்றவைப்புக்காரரே சொல்வதால் நாம் நம்பலாம்.

தாங்கியின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். 70 கிலோ ஆள் ஒருவர், சட்டத்திலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியே நீண்ட பலகையின் ஓரத்தில் நிற்கிறார். தாங்கியை மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 5 சென்டிமீட்டர்தான் என்றால், மேல் போல்ட்டை 280 கிலோ இழுக்கிறது. இடைவெளியை 10 சென்டிமீட்டர் ஆக்கினால் இழுப்பு 140 ஆகக் குறைகிறது. அதே போல்ட்டு, அதே ஆள். இடம் மாறியதால் சுமை பாதியாகிவிட்டது. ஆள் மெதுவாக நிற்காமல் தொம்மென்று மிதித்தால் இது இருமடங்கும் ஆகும். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார். முதல் எட்டு, இரும்பு அறுபடும் வலிமையைக் குறிக்கிறது. புள்ளிக்குப் பின் உள்ள எட்டு, அந்த வலிமையில் 80 விழுக்காடு வரை நீண்டு கெடாமல் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. தலையில் எழுத்தே இல்லாத போல்ட்டைப் படிக்குப் போட மாட்டாராம்.

பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. பலகையைப் பிடிப்பானால் கவ்வவைத்து, ஓட்டுநரையே ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தார். துளைக்கு அப்பால் பிரேக் குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று அடியில் படுத்துத் தடவிப் பார்த்தார். புள்ளியடித்து, முதலில் சிறு துளை, பிறகு பெரிய துளை. துளையின் பச்சை இரும்புக்குத் துத்தநாக வண்ணம். நைலான் வைத்த பூட்டு நட்டு. இறுக்கிய பின் நட்டின் மீதும் சட்டத்தின் மீதும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார். நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். யாரும் ஸ்பேனர் எடுக்காமலே கண்டுகொள்ளலாம். ஒரு வாரம் ஓடியபின் வண்டியை மறுபடி கொண்டுவரச் சொன்னார். கடைசியாகத் தட்டின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு கைப்பிடிக் கம்பி. கைப்பிடி இல்லாத படி அரைப் படி என்றார். லோரிக்கு முகத்தைக் காட்டி, ஏணியில் இறங்குவது போல, இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் வண்டியில் இருக்கும்படி இறங்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டோம். சிங்கப்பூரில் வண்டியில் செய்யும் மாற்றங்களை நிலப் போக்குவரத்து ஆணையம் மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி வேண்டாதவை, அனுமதி பெற்றுச் செய்ய வேண்டியவை, செய்யவே கூடாதவை. எது எந்த வகை என்று ஆணையத்திடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். நீட்டிக்கொண்டு நிற்கும் பலகை பக்கத்தில் போகும் சைக்கிள்காரரின் காலை வாரிவிடலாம். பின்படி எண் தகட்டையோ விளக்கையோ மறைத்தால் சோதனையில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தொழிலாளரை லோரியில் ஏற்றுவது பற்றியும் அங்கே நீண்ட காலமாகப் பேச்சு நடக்கிறது. கூரையும் உயரமான பக்கக் கம்பிகளும் 2011இல் கட்டாயமாயின. 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில், லோரியில் சென்ற தொழிலாளர் இருவர் இறந்தனர். 2023 ஜனவரி முதல் மழைத் திரையும், வண்டியில் மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு தோழரும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். லோரியில் ஆள் ஏற்றுவதையே நிறுத்திவிட வேண்டும் என்று அதே ஆண்டில் பல அமைப்புகள் கேட்டன. உடனே நிறுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று அரசு பதில் சொன்னது. இதில் நம் மனம் யார் பக்கம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பையனின் தாயாருக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பதிலும் இருந்தது. வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் சிங்கப்பூரில் உண்டு. 2019இல் அதைப் புதுப்பித்து இயற்றினார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முதலாளி வாயால் சொல்லிவிட்டதாலேயே இழப்பீடு இல்லாமல் போய்விடாது. யார்மேல் தவறு என்று நிரூபித்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வேலைக்குப் போய்வரும் பயணமும் அதில் சேரும். ஆனால் விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும். பையன் ‘விளையாட்டுத்தனம்’ என்ற சொல்லைக் கேட்டு வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தான். எட்டு மாதம் போய்விட்டது. நாம் அங்கிருந்த இரண்டாம் நாள், மருத்துவமனைச் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி, மனிதவள அமைச்சுக்கு அனுப்ப வேண்டியதை அவனுடன் உட்கார்ந்து எழுதினோம். முடிவு இன்னும் வரவில்லை.

ஊர் திரும்பியதும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்துக்காகப் பெரட்டுக் களத்துக்கு அழைத்துப் போய், நம் தோட்டத்து லோரியின் உயரத்தை அளக்கச் சொன்னோம். 96 சென்டிமீட்டர். அதை இரண்டு படியாக எப்படிப் பிரிப்பது என்று கரும்பலகையில் மூன்று விதமாகப் போட்டார்கள். வரைபடத்தை லோரிக்காரரிடம் கொடுத்திருக்கிறோம். பட்டறைக்குப் போகும்போது பார்க்கிறேன் என்றிருக்கிறார். அதுவரைக்கும் பள்ளியில் கிடந்த கனமான மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பெண்கள் அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். சாயங்காலம் மழைக்கு முன்னால் அதை உள்ளே எடுத்து வைப்பது இரண்டாம் லயத்துக் கிழவர் ஒருவரின் பொறுப்பு.